ரோமாபுரிக்கு முன்பத்திரம்

என் மகள் ரோம் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழைப்பாள். அம்மாவோடு அரை மணி நேரம் பேசுவாள். புளிக்காய்ச்சல் ஃபிரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும் என்பதிலேயே பாதி கழிந்துவிடும். பிறகு போன் என் கைக்கு வரும். "அப்பா, சாப்டாச்சா? மருந்து எடுத்தாச்சா?" இரண்டுக்கும் ஆச்சு என்பேன். அதற்குமேல் இருவருக்கும் விஷயம் இருக்காது.

பேச்சைக் கொஞ்சம் நீட்டத்தான் ஆதி ரோமின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். அவள் குடியிருக்கும் ஊரைப் பற்றி நான் கேட்டால் அவளும் ஏதாவது சொல்லியாக வேண்டுமல்லவா.

எங்கள் மாடிக்குக் கீழே மசாலாக் கடை வைத்திருப்பவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் ரோம் என்று சொன்னால் எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"சாரே, ரோம்னா நம்ம குருமொளகு வாங்கின கூட்டரல்லே?"

"அது பிற்பாடு வந்த கூட்டர். நான் தேடறது மொளகே அறியாதவங்களை."

"மொளகு அறியாதவங்களைத் தேடி சாருக்கு என்ன கிட்டப் போறது?"

நியாயமான கேள்வி. சாயா வாங்கித் தந்து அதிலிருந்து தப்பித்தேன்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவனுக்குப் புத்தகம் படிக்கத் தெரியாது, வில்லங்கம் பார்க்கத்தான் தெரியும். ஒருவர் ஒரு பத்திரத்தை நீட்டினால் அதன் முன்பத்திரம் எங்கே என்று கேட்போம். அது வந்தால் அதற்கு முந்தியது எங்கே என்போம். ரோமையும் அப்படியே பிடித்தேன். படகேறி எர்ணாகுளம் போய் நூலகத்தில் இந்தக் காலத்துப் பேராசிரியர்களின் புத்தகங்களை எடுத்தேன். கதையை விட்டுவிட்டு அடிக்குறிப்பை மட்டும் படித்தேன். எல்லா அடிக்குறிப்பும் கடைசியில் இரண்டு பழைய ஆசிரியர்களிடம் கொண்டுபோய் விட்டது. ஒருவர் லத்தீனில் எழுதியவர், மற்றவர் கிரேக்கர். இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. இருவருமே ரோமை முதலில் ஆண்ட அரசர்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று தேடினால், தங்களுக்கு முந்திய சிலரைச் சொல்கிறார்கள். அந்த முந்தியவர்களின் புத்தகங்கள் இன்று முழுதாக இல்லை. மேற்கோளாகச் சில வரிகள்தான் மிச்சம். அவர்களுக்கும் பின்னால் பூசாரிகள் ஆண்டுதோறும் எழுதிவைத்த குறிப்புகள் இருந்தனவாம். வடக்கிலிருந்து வந்த காலியர் என்ற இனத்தார் ஊரைக் கொளுத்தியபோது பழைய ஏடுகள் பெரும்பாலும் எரிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நவீனப் பேராசிரியர்கள் சிலர் அந்தத் தீ அவ்வளவு பெரிதில்லை என்கிறார்கள். ரிக்கார்டு அறையில் தீப்பிடித்தது என்ற பதிலை உத்தியோகத்தில் பலமுறை கேட்டவன் என்ற முறையில் நான் அவர்கள் கட்சி.

இதையெல்லாம் ஞாயிறுதோறும் மகளிடம் சொல்வேன். "ம்" என்பாள். அந்த "ம்" கொஞ்சம் நீளமாக வந்தால் அந்த வாரம் எனக்கு நல்ல வாரம்.

"பொண்ணைக் காணணும்னு சொன்னா வாய் தேஞ்சா போகும்?" என்றாள் மனைவி. "அதுக்கு எதுக்கு செத்துப்போன ராஜாக்களைக் கூட்டு சேர்க்கணும்?"

ஒரு ஞாயிறு மகளே முதலில் பேசினாள். "அப்பா, என் ஜனன சர்ட்டிபிகேட் ஒன்னு செரியாக்கித் தரணும். இங்கே சிட்டிசன்ஷிப்புக்குக் கொடுக்கப் போறேன்."

நம் சட்டத்தில் இரண்டு குடியுரிமைக்கு இடமில்லை. அங்கே கிடைத்த அன்றே இங்கே போய்விடும். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் நடைமுறை எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் கேட்கிறாள்.

"செரி," என்றேன்.

சான்றிதழில் அவள் பெயருக்கு முன்னால் என் பெயரின் முதலெழுத்து மட்டும் இருந்தது. பாஸ்போர்ட்டிலோ என் முழுப்பெயர் அவளுக்குக் குடும்பப்பெயராக ஏறியிருந்தது. இரண்டும் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீசில் ஒரு சான்று வாங்க வேண்டும். அதற்குமேல் மாநில முத்திரை, அதற்குமேல் டெல்லி முத்திரை. இந்தப் பாதையில் ஒரு காகிதத்தை எங்கெங்கே தூங்க வைக்கலாம் என்பது எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கும் தூங்கவிடவில்லை. என் சர்வீசில் இவ்வளவு வேகமாக எந்தக் கோப்பும் நகர்ந்ததில்லை. கூரியர் ரசீதை மனைவி பார்த்தாள். அன்று இரவு சோற்றை அவள் சரியாகத் தொடவில்லை.

அந்த நாட்களில்தான் ஒன்று படித்தேன். பழைய ரோமில் பெண்களுக்குத் தனிப்பெயர் வைக்கும் வழக்கம் பெரிதாக இல்லை. அப்பாவின் குலப்பெயரைப் பெண்பாலாக்கிக் கூப்பிட்டார்களாம். அடுத்த அழைப்பில் அதைச் சொன்னேன்.

"இப்பவும் அப்படித்தான்பா," என்றாள். "வார்டுல என் பேர் யாருக்கும் வாயில வராது. நாள் முழுக்க உங்க பேரைச் சொல்லித்தான் விளிப்பாங்க. நீங்க எப்படி விளி கேக்காம இருக்கீங்கன்னு நெனைப்பேன்."

நான் பார்த்திராத ஒரு வராந்தாவில், பார்த்திராத மனிதர்கள் என் பெயரைச் சொல்லி அழைக்க, என் மகள் திரும்பிப் பார்க்கிறாள். போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"காயிதம் எல்லாம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. கொடுத்தாச்சு. உங்களுக்கு விஷமம் ஒன்னும் இல்லையே?"

விஷமம் என்றால் எங்கள் ஊரில் வருத்தம். இல்லை என்று சொல்லாமல் ரோமைப் பற்றிச் சொன்னேன். ஊரைத் தொடங்கிய அரசனிடம் ஆள் போதவில்லை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓர் இடத்தை ஒதுக்கி, எங்கிருந்து வந்தவரானாலும் வரலாம் என்று திறந்துவிட்டான். அடிமை, ஓடிவந்தவன் என்று எவரையும் விசாரிக்கவில்லை. லத்தீனில் எழுதியவர் இப்படித்தான் எழுதியிருக்கிறார்.

"அவங்க ஜனன சர்ட்டிபிகேட் கேக்கலை," என்றேன்.

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பின்னணியில் ஏதோ ஒரு வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"அப்பா, இது கிடைச்சதுக்கப்புறம் நான் வீட்டுக்கு வரணும்னா என்னவெல்லாம் வேணும்?"

அயல்நாட்டுக் குடிமகள் இந்தியாவுக்குள் வர என்னென்ன வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். எந்த விண்ணப்பம், எந்தப் பழைய பாஸ்போர்ட்டின் எந்தப் பக்கம், எந்த அளவில் புகைப்படம், எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன.

"டிக்கெட் எடுத்தாப் போதும்," என்றேன்.

அது தவறு என்று அவளுக்கும் தெரியும். "செரிப்பா," என்றாள். அதன்பிறகும் வெகுநேரம் போனை வைக்கவில்லை.