தொட்டுக்கச் சோறு

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நான் கட்டுரை எழுதுகிறேன் என்றதும் தம்பி கேட்டான்: "பங்குப் பேரவை, வாய்க்கால் வேலை எல்லாம் எழுதுவியாக்கா, இல்ல பொரியலப் பத்தி மட்டும் எழுதப் போறியா?"

மற்றவற்றை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். பங்குத்தந்தை அவர்கள் மிக நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆகவே நான் பொரியலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அப்பாவை அறிந்தவர்கள் இதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். இன்றைய நினைவுத் திருப்பலிக்கு எங்கள் அம்மா யார் கையையும் பிடிக்காமல் நடந்து வருகிறார் என்றால், அதில் மருத்துவருக்குப் பாதிப் பங்கு, அப்பாவின் வாணலிக்குப் பாதிப் பங்கு.

அப்பா பிறந்தது திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் எங்கள் சிற்றூரில். நெல்லைத் தவிர வேறு எதையும் பயிர் என்று ஒத்துக்கொள்ளாத ஊர் இது. பள்ளியில் படிக்கும்போதே தம் தந்தையை இழந்தார். புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு வயலில் இறங்கினார். தங்கைகளை எல்லாம் நல்ல இடங்களில் கட்டிக் கொடுத்து, தம்பியைப் படிக்கவைத்த பிறகுதான் தம் திருமணத்தைப் பற்றி யாரையும் பேசவிட்டார். தண்ணீர் வராமல் குறுவை போன வருடங்களைப் பார்த்தார். அறுப்புக்கு நின்ற சம்பா, மழையில் படுத்துக்கொண்ட வருடங்களையும் பார்த்தார். அப்படிப்பட்ட நாளில் வயலைப் பார்த்துவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டு, "சோத்தப் போடு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை புலம்பியதில்லை.

அம்மா நாகப்பட்டினத்துப் பெண். பிறந்த வீட்டில் மீன் இல்லாத நாளே கிடையாது. வருடத்தில் தவக்காலம் ஒன்றில்தான் அந்த வீட்டில் கவுச்சி நிற்கும், காய்கறி வரும். இங்கே வாழ வந்த பிறகும் அம்மா அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சாம்பல் புதன் அன்று எங்கள் வீட்டுக்குள் நுழையும் பீர்க்கங்காய், உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முன்னால் வெளியேறிவிடும். நானும் தம்பியும் காய்கறியை ஒருவகைத் தண்டனை என்றே நினைத்து வளர்ந்தோம். மற்ற நாட்களில் குழம்பும், குவித்து வைத்த சோறும், பேருக்கு ஓர் ஓரமாக உருளைக்கிழங்கு வறுவலும்தான் இராச் சாப்பாடு.

எனக்குத் திருமணமாகி நான் தஞ்சாவூருக்கு வந்துவிட்ட பிறகுதான் அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அதுவும் காலில் முள் குத்திய புண் ஆறாமல் போனதால். கும்பகோணத்து மருத்துவர் புண்ணைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் நேராகவே சொன்னார்.

"மாத்திரை நான் தர்றேன். ஆனா தட்டுல சோறு பாதியா குறையணும், காய் ரெண்டு மடங்கு ஏறணும். சர்க்கரை இறங்கலன்னா புண்ணு ஆறாது. அப்புறம் வெரல எடுக்க வேண்டி வரும். அதோட நிக்கும்னும் சொல்ல முடியாது."

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அம்மா கேட்டார்: "எனக்கு மட்டும் வருஷம் பூரா தவக்காலமா?"

அப்பா சிரிக்கவில்லை. அன்றைக்கே சமையலறைக்குள் போனார். அதுவரை அந்த அறையில் அவருக்குத் தெரிந்த இடம் தண்ணீர்ப் பானை மட்டும்தான்.

முதல் சமையலைப் பற்றி மரியாதையாக எழுத முயல்கிறேன். புடலங்காயை அரிவாளால் வைக்கோல் நறுக்குவது போல நறுக்கி, தண்ணீரில் வேகவைத்து, உப்புப் போட்டு இறக்கினார். அடுத்த நாள் அதே முறையில் சுரைக்காய். அதற்கடுத்த நாள் கொத்தவரங்காய். அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சட்டியில் இருந்த சோற்றை எடுத்து மோர் ஊற்றிச் சாப்பிட்டார். "சிறையில கூட உப்பு உறைப்பாப் போடுவாங்க" என்றார்.

காய் புதிதாக இருந்தால் ருசி வரும் என்று அப்பா முடிவு கட்டினார். கொல்லையில் வெண்டை போட்டார். போட்டார் என்றால் எப்படி? நெல்லுக்குச் செய்வதையே செய்தார். ஒரு மூலையில் சேற்றைக் குழப்பி நாற்றங்கால் விட்டார். நெருக்கமாக முளைத்த வெண்டை நாற்றைப் பறித்தார். வேரை அலசி, முடிச்சுக் கட்டி, வரிசை பிடித்து நட்டார். நட்டுவிட்டுத் தண்ணீரையும் கட்டி நிறுத்தினார். மறுநாள் காலையில் கொல்லை முழுக்க வெண்டைச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, "என்ன சித்தப்பா, வெண்டைக்கு நடவா? நாலு ஆளு சொல்லியிருந்தா குலவை போட நாங்களும் வந்திருப்போமே" என்றார். ஊரே சிரித்தது. தப்பிப் பிழைத்தவை நாற்றங்காலில் பறிக்காமல் விட்ட செடிகள்தான். அவற்றில்தான் எங்கள் வீட்டு முதல் வெண்டைக்காய் காய்த்தது.

அந்தச் சிரிப்பால் ஒரு நன்மை விளைந்தது. தமக்குத் தெரியாததை அப்பா வெட்கமில்லாமல் எல்லாரிடமும் கேட்கத் தொடங்கினார். செல்வி அக்காவிடம் பருப்பு உசிலி கற்றார். ஒரு திருமண வீட்டுக்குப் போனவர் மொய் எழுதிவிட்டு நேரே சமையற்கட்டுக்குள் போய், வாழைப்பூவை எப்படிக் கசக்காமல் எடுப்பது என்று கேட்டுக்கொண்டு நின்றார். என்னிடம் தொலைபேசியில், "நல்லா இருக்கியா" என்று கேட்பதற்கு முன்னால், "முள்ளங்கிய நீ எப்படிம்மா செய்வ?" என்பார். எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட வந்தது.

இத்தனைக்குப் பிறகும் அம்மா இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. புண்ணும் அப்படியே இருந்தது.

பிறகு ஒருநாள் அப்பா நாகப்பட்டினத்துக்குப் பேருந்து ஏறினார். மாமா வீட்டில், அதாவது அம்மாவின் அண்ணன் வீட்டில், மீன் வறுவலுக்கு இடித்து வைத்திருக்கும் மசாலாவை ஒரு டப்பா நிறைய வாங்கிக்கொண்டு மாலையே திரும்பிவிட்டார். புடலங்காயை வளையம் வளையமாக அரிந்து, அந்த மசாலாவைப் புளித்தண்ணீரில் குழைத்துப் பூசி, தோசைக்கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டுப் புரட்டி எடுத்தார். வாசம் கூடத்துக்கு வந்தது. அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"என்ன மீனு?"

"புடலங்கா."

"என்னைய ஏமாத்துறீங்களா?"

"ஏமாத்தல. அந்த மசாலா மீனுக்கு மட்டும்தான்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

அம்மா ஒரு வளையத்தை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். தட்டு காலியானதும், "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அம்மா வாயிலிருந்து அது பெரிய பாராட்டு என்பது எங்கள் உறவினர் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்குக் காய்கறி மேல் வெறுப்பில்லை, பிறந்த வீட்டு ருசி இல்லாததுதான் குறை என்று அப்பா அன்று கண்டுகொண்டார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. சமைக்கத் தெரிந்த நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கத்திரிக்காய்க்கு மீன் குழம்பின் புளிப்பு. சுரைக்காய்க்கு ஒரு பிடி சென்னாக்குன்னி, அதுதான் அந்தப் பொடி இறால் கருவாடு. முருங்கைக்கீரையில் முட்டை. தவக்காலம் வந்ததும் இறாலுக்கும் முட்டைக்கும் பதில் வேர்க்கடலைப் பொடியும் எள்ளும் வந்தன. அவரைக்காயை ஒருநாள் பொடியாக, ஒருநாள் நீளமாக நறுக்குவார், ஒருநாள் முழுதாகவே போடுவார். "வெட்டு மாறினா ருசி மாறும்" என்பது அவர் கட்சி. பீர்க்கங்காயில் கூட்டு, அதன் தோலில் துவையல். ஒரே இரவில் இரண்டு பச்சை வராமல் பார்த்துக்கொள்வார். பச்சைக்குப் பக்கத்தில் பீட்ரூட்டோ பரங்கிக்காயோ நிற்கும்.

பரிமாறுவதிலும் ஒரு முறை வைத்தார். தட்டில் முதலில் காய்கள் வரும். அவை பாதி இறங்கிய பிறகுதான் சோறு, அதுவும் ஒரு கரண்டி. அதைப் போடும்போது, "இந்தா, தொட்டுக்கச் சோறு" என்பார்.

ஒருமுறை சித்தப்பா வந்திருந்தார். தட்டைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வெள்ளாமக்காரன் வீட்டுல சோத்துக்குப் பஞ்சமா?" என்று கேட்டுவிட்டார்.

"பஞ்சமெல்லாம் இல்லடா. மொதல்ல இதச் சாப்புடு. தொட்டுக்கச் சோறு வரும்."

எல்லாரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. சித்தப்பா கிளம்பியதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "நெல்லு வெளையிற வீட்டுல இருந்துகிட்டு சோத்தப் போயி தொட்டுக்கன்னு சொல்லாதீங்க. காய நான் திங்கிறேன். அந்தப் பேச்சு மட்டும் வேணாம். என் வாயில அது வராது."

"நீ சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன்" என்றார் அப்பா. கடைசி வரை சொல்லிக்கொண்டும் இருந்தார்.

புண் மெல்ல மெல்லச் சுருங்கியது. அடுத்த உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அம்மா புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். மருத்துவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டபோது அம்மா, "அத இவர்கிட்ட கேளுங்க" என்று அப்பாவைக் கை காட்டினாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரல் ஒரு படி ஏறிவிடும்.

அம்மாவின் உடம்பைக் காத்தவருக்குத் தம் நெஞ்சு வலிக்கத் தொடங்கியது தெரியவில்லை. தெரிந்தும் சொல்லவில்லையோ என்னவோ. மருத்துவமனையில் அதிக நாள் இருக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்த மாலையில் தெளிவாகப் பேசினார். "கொல்லையில வெண்டைக்கா முத்திடும்மா, பறிச்சிடு. அம்மாவுக்குப் பொடியா நறுக்காத, வழவழன்னா அவளுக்குப் பிடிக்காது." அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். வேறு எதையும் சொல்லியிருக்கலாமே என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அப்பாவின் இறுதி நாட்களில் உடனிருந்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அடக்கத் திருப்பலியை நிறைவேற்றிய பங்குத்தந்தை அவர்களுக்கும், குழி வெட்டியது முதல் பந்தல் பிரித்தது வரை எதையும் கேட்காமலே செய்த ஊர் மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மா அடுப்பைப் பார்க்க முடியாமல் இருந்த நாட்களில் வேலிக்கு மேலாகக் கிண்ணம் கிண்ணமாகக் கூட்டும் பொரியலும் கொடுத்தனுப்பிய செல்வி அக்காவுக்கும், மாதம் தவறாமல் மசாலா டப்பாவை அனுப்பிவரும் நாகப்பட்டினம் மாமாவுக்கும் தனியாக நன்றி சொல்கிறேன்.

இந்த மலரை வாங்கிக்கொண்டு பந்திக்கு வரும் உறவினர்களுக்கு ஒரு செய்தி. போன வாரம் இன்றைய விருந்து பற்றிப் பேச சமையற்காரர் வந்திருந்தார். என்னென்ன காய் என்று அம்மாதான் சொன்னார். புடலங்காய் வளையம், பீர்க்கங்காய்க் கூட்டு, கொத்தவரங்காய் உசிலி, வாழைப்பூ, பரங்கிக்காய் என்று வரிசை நீண்டது. அவர் திகைத்துப்போய், "இவ்வளவு காய் வச்சா சோறு வைக்க எலையில எடம் ஏதும்மா?" என்று கேட்டார்.

"மொதல்ல காயெல்லாம் வைங்க. சாப்புட்டு முடிக்கட்டும்" என்றார் அம்மா. பிறகு அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சோறு தொட்டுக்கத்தான்."

நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா வாயில் அந்த வார்த்தை வந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆகவே இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் யாரும் சோற்றைத் தேட வேண்டாம். காயைச் சாப்பிடுங்கள். சோற்று வாளியோடு அம்மாவே வருவார்.