பலூன் வெடித்ததா?

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடி கறுப்புத் தோல் செருப்பு கிடக்கிறது. என் மாமனாருடையது. மயிலாப்பூருக்கு வரும்போது மட்டும் போட்டுக்கொள்வதற்காக இங்கேயே விட்டுவைத்திருந்தார். மனிதர் போய் மூன்று வருடமாகிறது. செருப்பு மட்டும் முகம் சுளித்தபடி இருக்கிறது, அவர் சாயல் அப்படியே.

நாக்பூரில் முப்பத்தைந்து வருடம் உத்தியோகம் பார்த்தவர். கடல் இல்லாத ஊர்க்காரர் மெரினாவைப் பார்த்தால் வாயைப் பிளப்பார் என்று நான் எதிர்பார்த்தது தவறு. ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டிப்போனேன். "எங்க ஊர்ல ரயில் கவிழ்ந்தாதான் இவ்வளவு கூட்டம் சேரும்" என்றார். கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறலாமா என்றேன். "மேலே போனாலும் இதே ஊர்தானே தெரியும்?" என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கும் மெரினா மீது மரியாதை கிடையாது. மணலில் பாதி மணல், மீதி சோளச் சக்கை. ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் மூக்கைச் சுளித்ததும், ஏதோ அந்தக் கடலை நானே வெட்டி வைத்தவன்போல எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

கடைசியில், வந்ததுக்குக் காலையாவது நனைப்போம் என்று செருப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "கீழே வெச்சா எவனாவது எடுத்துண்டு போயிடுவான். கையிலேயே வெச்சுக்கோங்கோ."

வைத்துக்கொண்டேன். பக்கத்திலேயே பலூன் சுடும் கடை. துப்பாக்கிக்கு இரண்டு கையும் வேண்டுமே, செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். ஏழு முறை சுட்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை.

"இன்னா சார், பலூன் மேல அவ்ளோ பாசமா?" என்றாள் கடைக்கார அம்மாள்.

திரும்பினேன். மாமனாரைக் காணவில்லை.

அதன் பிறகு அரை மணி நேரம் நான் செய்தவற்றை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அலையோரமாக ஓடி, வேட்டி கட்டிய வழுக்கைத் தலைகளையெல்லாம் முதுகில் தட்டித் திருப்பினேன். மூன்றாவது வழுக்கையின் மனைவி, நான் கையில் செருப்போடு வருவதைப் பார்த்துத் தன் செருப்பையும் கழற்றினாள். ஊரில் அஸ்தியைக் கரைப்பார்கள், நான் ஆளையே கரைத்துவிட்டேன் என்று தோன்றியது. பலூன் கடைக்கே திரும்பி வந்து புலம்பினேன்.

"பெர்சு தண்ணில போயிருந்தா இந்நேரம் கூட்டம் கூடிருக்கும் நைனா. சும்மா கத்திக்கினு கீறியே" என்றாள் அவள்.

அப்போது மனைவியிடமிருந்து போன் வந்தது. "அப்பா என்ன பண்றார்?"

பத்து நிமிஷம் கிடைத்தால் தேடிவிடலாம் என்ற நப்பாசை எனக்கு. "அலையில நிக்கறார். குழந்தை மாதிரி குதிக்கறார். கூப்பிட்டா வரமாட்டேங்கறார்."

மறுமுனையில், "அப்பா, நீங்க குதிக்கறேளாம்" என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. யாரோ காபியை உறிஞ்சினார்கள்.

"மாப்ளே, கிளம்பறேன், செருப்பைக் குடுங்கோன்னு நாலு தரம் கேட்டேன். நாலு தரமும் 'ம்' னேள். வெறுங்காலோட ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன்." இன்னொரு உறிஞ்சல். "பலூன் வெடிச்சுதா?"

பாண்டி பஜாரில் டீ குடித்துக்கொண்டே 'ஆபீஸில் இருக்கிறேன்' என்று நான் போனில் சொன்னால், என் மனைவி இன்றும் அதைத்தான் கேட்கிறாள்.

போன ஞாயிறு அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். என் காலுக்கு ஒரு விரற்கடை பெரிது. கடல் அப்படியேதான் இருந்தது, சுமார். மறுபடியும் ஏழு முறை சுட்டேன். ஒன்று வெடித்தது. "வெடிச்சுடுத்து" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். பின்னால் யாரோ ஒருவர் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பாராமலேயே, "ம்" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டிக் கீழ்த்தட்டில் வைத்தேன். அதன் முகச்சுளிப்பு மாறவில்லை.