கடல் பார்க்காத கோழி

போன வாரம் ஒரு கோழியைப் பற்றி எங்கள் வீட்டில் விசாரணை நடந்தது. கோழி செத்து ஆறு மாதம் ஆகிறது.

விசாரிக்க வந்தவர் ஜென்சி. எலும்பு ஆராய்ச்சி செய்கிற பெண். தேசூர் பக்கம் மண்ணுக்குள் கிடைத்த பழங்காலத்து மாட்டு எலும்புகளை வைத்து, அந்த மாடுகள் எங்கே மேய்ந்தன, என்ன தின்றன என்று கண்டுபிடிக்கிறார். எப்படி? கந்தகத்தை வைத்து.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன் — எட்டாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். கந்தகத்தில் கனமானது, லேசானது என்று வகைகள் உண்டு. அவற்றின் கலவை கடலோரத்தில் ஒரு மாதிரி, உள்நாட்டில் வேறு மாதிரி. மண்ணிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து மாட்டுக்கு, கடைசியில் எலும்புக்கு. மாடு போனாலும் எலும்பில் அது அப்படியே இருக்கும்.

பழைய மாட்டைப் படிக்க இன்றைய ஆடு, மாடு, கோழியும் வேண்டுமாம். இந்த வட்டாரத்து மண்ணின் கலவை தெரிந்தால்தானே ஒப்பிட முடியும்? ஆரணியில் அந்த எலும்புகளைச் சேகரிக்கும் கூலி வேலை எனக்கு. சூரத், பிவண்டி, ஓசூர்... எத்தனையோ ஊரில் மூட்டை தூக்கியிருக்கிறேன். எலும்பு மூட்டை இதுதான் முதல்.

ஆடும் மாடும் கறிக்கடையில் கிடைத்தன. கோழிக்கு அலையவே இல்லை. கீழ் வீட்டில் கஸ்தூரியக்கா — பட்டுத்தறி நெய்கிறார், நாலு கோழியும் வளர்க்கிறார். மாடி அறையில் வாடகைக்கு நான். ஒரு கோழி கறியானபோது கால் எலும்பை வாங்கிக் கவரில் போட்டேன். தீனி என்ன என்று படிவத்தில் ஒரு கேள்வி. அக்காவைக் கேட்டு நான்தான் எழுதினேன்: நொய், கீரை, புழு.

முடிவு வந்தது. ஆடு, மாடு எல்லாம் ஒழுங்கு. கோழி மட்டும் கடல்.

ஆரணியிலிருந்து கடலுக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். இதில் என்ன வம்பு என்கிறீர்களா? தேசூர் மாடுகளில் ஒன்றும் இதே கடல் கலவையைக் காட்டியிருந்தது. அது கடலோரத்திலிருந்து ஓட்டி வரப்பட்ட மாடு என்று ஜென்சி தன் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டார். தெருவைத் தாண்டாத கோழியிலேயே கடல் இருந்தால்? இந்த மண்ணே அப்படித்தான் என்று சொல்லி, அவருடைய பேராசிரியர் அத்தியாயத்தை அடித்துவிடுவார். மூன்று வருட உழைப்பு போச்சு.

அதனால் சுற்றி வளைத்துக் கேட்டார். வெளியே வாங்கிய கோழியோ? பண்ணைக் கோழியோ?

அக்காவின் முகம் சுருங்கியது. "பொரிச்சதுல இருந்து என் கண்ணு முன்னால வளந்த கோழிமா அது. கடலுக்கு எந்த பஸ்ல போச்சுன்னு நீயே சொல்லு."

வேறு ஏதாவது தின்றதா என்று ஜென்சி மறுபடி கேட்டார். அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். "நொய்தான்" என்றார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. போன வருடம் நான்கு மாதம் வேலை கிடைக்கவில்லை. இரண்டு வேளையும் சோறும் கருவாடும்தான் — சந்தையில் அதுதான் மலிவு. தலையையும் முள்ளையும் மாடியிலிருந்து கீழே போடுவேன். அந்தக் கோழி குஞ்சிலிருந்து வளர்ந்ததே அந்த நான்கு மாதத்தில்தான். அக்காவிடம் மட்டும் மெஸ்ஸில் சாப்பிடுவதாகச் சொல்லி வைத்திருந்தேன். பசி பழகிவிட்டது, யாராவது பாவம் என்று பார்ப்பது மட்டும் இன்னும் பழகவில்லை.

பேசாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஜென்சி நோட்டை மூடினார். மூடிய நோட்டின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கருவாட்டுத் தலைங்க," என்றேன். "தினம் நான்தான் போட்டேன்."

நோட்டு மறுபடி திறந்தது. கோழிக்குக் கடல் வந்த வழி தெரிந்துவிட்டது. மாடு கருவாடு தின்னாது. அத்தியாயம் பிழைத்தது.

அக்காவிடம், உங்களுக்குத் தெரியவே தெரியாதா என்று கேட்டேன்.

"ஏன் தெரியாது தம்பி? மெஸ்ல சாப்புடறேன்னு நீ சொல்லிகினு இருப்ப, மாடியில இருந்து கருவாட்டு வாசன எறங்கி வந்துகினு இருக்கும். உன் சாப்பாட்ட நான் எதுக்கு இன்னொருத்தர் காயிதத்துல எழுதச் சொல்லணும்?"

மனிதர்கள் பெரிய மனதோடு மறைத்துவைப்பதைக் கோழி எலும்பு போட்டு உடைத்துவிடுகிறது.

கிளம்பும்போது ஜென்சி, இப்போது எங்கே சாப்பிடுகிறீர்கள் அண்ணா என்று கேட்டார்.

"மெஸ்லதான்," என்றேன்.

அக்கா, வாசலில் மேய்ந்துகொண்டிருந்த புதுக் கோழியைத்தான் பார்த்தார்.