தோள் மாறிய சிலுவை

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் கோவில் பங்கில் ஆளுக்கொரு சிலுவை முளைத்துவிடும். மூட்டுவலி ஒரு சிலுவை, மாமியார் ஒரு சிலுவை, படிக்காத பிள்ளை ஒரு சிலுவை. "சகிச்சுக்கம்மா, ஆண்டவர் குடுத்த சிலுவை" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆண்டவருக்கு வேறு வேலை இல்லையா?

நான் ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். கான்ட்ராக்ட் ஆள். மத்திகிரியில் வாடகை வீடு. பக்கத்து மெஷினில் ஊத்தங்கரைப் பெண் ஒருத்தி, முஸ்லிம். இந்த வருடம் அவளுடைய ரம்ஜான் நோன்பும் எங்கள் தவக்காலமும் சேர்ந்தே வந்தன. நான் நாற்பது நாளைக்கு டீயை விட்டிருந்தேன். டீ நேரத்தில் இருவரும் கேன்டீன் பக்கம் போகாமல் மெஷின் ஓரமாக நின்று பேசுவோம். "நீ தண்ணியாவது குடிக்கிறக்கா. இதெல்லாம் ஒரு நோம்பா?" என்று கிண்டல் செய்வாள்.

மெஷினுக்குள் கை போனால் அதை நிறுத்த சென்சார் உண்டு. சென்சாரை அணைக்கும் சாவி சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இருக்கும். அணைத்துவிட்டால் உற்பத்தி வேகமாக ஓடும். அந்தத் திங்கட்கிழமை காலை அவர் அவளுடைய மெஷினில் சாவியைத் திருப்பியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். பத்து மணிக்குள் அவளுடைய ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். 'நோன்பு இருந்த களைப்பில் கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டார்' என்று டைப் அடித்திருந்தது. கீழே சாட்சி என்று என் பெயர். நான் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. சூப்பர்வைசரும் எங்கள் கோவில்காரர்தான்.

"அவங்கவங்க சிலுவைய அவங்கவங்கதான் சுமக்கணும்மா. நீ ஏன் நடுவுல போற? இந்த மாசத்தோட உன் கான்ட்ராக்ட் முடியுது, ஞாபகம் வச்சிக்கோ" என்றார்.

"யோசிச்சு சொல்றேன் சார்" என்றேன். கோழைகளுக்கு அதைவிட வசதியான பதில் கிடையாது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கையில் பெரிய கட்டு. "விரலு போனது போவட்டும்க்கா. நோம்பு மேல பழியப் போடறாங்களாமே, அதான் மனசு ஆறல" என்றாள். நான் பார்த்ததை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாக நின்று நினைத்து நடக்கும் சிலுவைப்பாதை. எங்கள் கோவில் சிலுவை மரம் இல்லை. ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் பங்கு மக்கள் சதுரக் குழாயை வெல்டிங் செய்து, காவி பெயின்ட் அடித்துக் கொடுத்த சிலுவை அது. உள்ளே வெறும் கூடு. ஒரு கையால் தூக்கலாம். ஆனாலும் சுமக்கிறவர்கள் எல்லோரும் குனிந்து, தள்ளாடித்தான் நடப்பார்கள். பதினான்கு நிலைகளிலும் ஒரு நிலைக்கு ஒரு குடும்பம் என்று தோள் மாறும். நான்காம் நிலை சூப்பர்வைசருக்கு. ஐந்தாம் நிலை எனக்கு.

ஐந்தாம் நிலையில்தான் சீமோன் வருகிறான். இயேசுவுக்கு உறவும் இல்லை, ஊர்க்காரனும் இல்லை. வழியில் போனவனைப் பிடித்து நிறுத்தினார்கள், சுமந்தான். அவனவன் சிலுவையை அவனவன்தான் சுமக்க வேண்டும் என்றால் ஐந்தாம் நிலை எதற்கு? அதோடு, சகித்துக்கொண்டு சும்மா இருந்ததற்காக யாரும் இயேசுவைச் சிலுவையில் அறையவில்லை. பேசியதற்காகத்தான் அறைந்தார்கள்.

சூப்பர்வைசர் சிலுவையை என் தோளுக்கு மாற்றும்போது காதருகே, "நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடும்மா" என்றார்.

"சார், இன்னைக்கு நீங்களும் ஒருசந்தி நோம்புதானே?"

"ஆமா."

"நானும்தான். நீங்க பட்டினி கெடந்தா பக்தி, நான் கெடந்தா பக்தி, அவ கெடந்தா மட்டும் களைப்பா? போட மாட்டேன் சார். கைய எடுங்க, இது இப்ப என் முறை."

பின்னால் கூட்டம் அடுத்த பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்தார். நான் குனியாமல் நடந்தேன்.

சனிக்கிழமை காலை நேராக ஆபீசுக்குப் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினேன். நோன்பு என்றிருந்த வரியை அடித்துவிட்டு, கீழே என் கையால் எழுதினேன்: சென்சார் அணைந்திருந்தது. சாவி சூப்பர்வைசரிடம் இருந்தது. அவர் அதைத் திருப்பியதை நான் பார்த்தேன். பயத்தில் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கடைசி வரியை அவள் படிப்பாள் என்று தெரிந்துதான் அனுப்பினேன். மத்தியானம், "நாளைக்கு நோம்பு தொறக்க வீட்டுக்கு வாக்கா" என்று பதில் வந்தது.

மாத முடிவில் என் கான்ட்ராக்ட் என்ன ஆகுமோ, ஆகட்டும். நாற்பது நாளைக்கு நான் விட்டிருக்க வேண்டியது பயத்தை, டீயை இல்லை. கம்பெனி கேட்டுக்கு எதிர்க் கடையில் ஸ்ட்ராங்காக ஒரு டீ சொன்னேன். ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.