அப்பாவின் மிச்ச வயிறு

அப்பாவின் இரைப்பைப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டது. கொழும்பு டொக்டரோ நோயிருந்த நடுப்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, சாப்பாட்டை மெல்ல மெல்லக் குடலுக்குள் இறக்கும் கீழ்வாசலை விட்டுவைத்தார். "முழுக்க எடுத்திருக்க வேணும். பயந்தாங்கொள்ளி" என்று, உயிரியல் படிக்கிற திமிரில் அவரை ஏசித் திரிந்தேன்.

அடுத்த வருடம் அக்கா கலியாணமாகி இணுவிலுக்குப் போனாள். நோய்க் கதையை அந்த வீட்டாருக்கு நாங்கள் சொல்லவில்லை. அங்கே முதல் விருந்தில் அப்பா நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை ஓயவிட்டார்.

மாப்பிள்ளையின் தகப்பன் வந்து இலையைப் பார்த்தார். "என்ன சம்பந்தி, எங்கடை சோறு இறங்காதோ? இங்கை கை நனைக்க மனமில்லாட்டி, பொம்பிளையை ஏன் தந்தனீங்கள்?"

குழம்போடு நின்ற அக்காவின் முகம் செத்துப்போனது. நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் முழங்காலை அழுத்தினார்.

"இலையை எடுக்காதேங்கோ. நான் ஆறுதலாத்தான் சாப்பிடுவன்."

அடுத்த பந்தியும் இருந்து எழும்பிப் போனது. அப்பா ஆறி ஆறி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் முடித்தார்.

"மாடு அசைபோடுற மாதிரியெல்லோ கிடக்கு" என்று சிரித்தபடி சம்பந்தி பாயாசத்தை ஊற்றினார்.

"அதுக்கும் இடமிருக்கு. கொஞ்சம் பொறுங்கோ" என்றார் அப்பா.

திரும்பும் வழியில்தான் என்னிடம் சொன்னார்: "அந்த வாசலையும் வெட்டியிருந்தா, சோறு ஒரேயடியாக் குடலுக்கை இறங்கி, இலையிலேயே வேர்த்து மயங்கி விழுந்திருப்பன். டொக்டர் அப்பவே சொன்னவர்."

அதன்பிறகு நான் அந்த டொக்டரை ஏசியதில்லை. சம்பந்தியை இன்றைக்கும் ஏசுகிறேன்.