சவுக்கு மரத்தடி டப்பா

மார்ச் ஒன்பது, ஞாயிறு காலை 8.40. பந்தாய் மெர்டேக்கா கடற்கரையில் மழை விட்டு, காற்று பலமாக வீசியது. ஒளித்துவைத்த பெட்டியைக் கைப்பேசி காட்டும் இடத்தில் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்கு மகள் என்னை அழைத்துப் போயிருந்தாள். கைப்பேசி காட்டிய ஏழாவது சவுக்கு மரத்தடியில், மஞ்சள் துணி சுற்றிய டப்பா ஒன்றைக் கண்டேன்.

"இதுதான்லா அப்பா, தொறங்க."

திறந்ததும் சாம்பல் காற்றில் பறந்தது. அடியில் எலும்புத் துண்டுகள் இருந்தன.

படகுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். "ஐயா, அது எங்கம்மா. கரைக்கக் கொண்டாந்தேன்."

மூடிக்கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன். அவர் மணலில் விழுந்த சாம்பலைப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தண்ணின்னா பயம் ஐயா. கொஞ்சம் கரையிலேயே நின்னுட்டாங்க போல."

இப்போதெல்லாம் எதைத் தொடுமுன்பும், யாருடையது என்று உரக்கக் கேட்கிறேன்.

அவருடைய படகுக் கூலியை அன்று நானே கொடுத்தேன். நாற்பது வெள்ளி.