தையலுக்கு விட்ட அரை அங்குலம்

வீடு வீடாகச் சென்று குடிநீர் மீட்டரைக் கணக்கெடுக்கும் அந்தப் பெண்மணியை அலுவலகத்தில் எல்லோரும் 'நகல் அக்கா' என்றே அழைப்பர். பேருந்துச் சீட்டு முதல் மருந்துச் சீட்டு வரை எதையும் நகலெடுத்து, தேதி குறித்து, கோப்பில் சேர்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. திங்கட்கிழமை மேலாளர் நீட்டிய குறிப்பாணையையும் முதலில் நகலெடுத்தார். பிறகுதான் படித்தார்.

"தோள் காயம் காரணமாக இவர் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தகுதியற்றவர். சனிக்கிழமைக்குள் ஓட்டிக் காட்டாவிடில் புகார்ப் பிரிவு மேசைக்கு மாற்றப்படுவார்."

பதினோரு ஆண்டுகளாக நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு வண்டியில் சென்று வருபவர் அவர். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கவ்வும் என்பதுகூட அவருடைய குறிப்பேட்டில் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு வளைவில் சறுக்கி விழுந்ததில் வலது தோளில் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கையை முன்னே நீட்டிப் பிடித்தால் பத்தே நிமிடத்தில் தோள் கெஞ்சியது.

"கை அங்க போகாதுன்னா, ஹேண்டில் இங்க வரணும். அவ்வளவுதானே?" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, உயரமாக வளைந்த ஹேண்டில்பார் ஒன்றை வாங்கி வந்தார். மெக்கானிக் பத்து நாள் கழித்து வரச் சொன்னதால், வண்டியின் கையேட்டைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்துத் தாமே வேலையில் இறங்கினார்.

பெட்டியின் மூடியில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று அச்சிட்டிருந்தது. பொருத்தினால், கிளட்ச் கேபிள் நான்கு விரற்கடை குறைந்தது. ஹேண்டிலை இடப்புறம் முழுதாகத் திருப்பியதும் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டு, யாரும் தொடாமலேயே என்ஜின் அலறித் தெருவைக் கூட்டியது.

மூடியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"எல்லா வண்டிக்கும்னு போட்டிருக்கே?"

"ஹேண்டில் பொருந்துச்சு இல்லக்கா? கேபிளைப் பத்தி அதுல ஒண்ணும் போடலையே," என்றார் கடைக்காரர்.

அந்தப் பதிலையும் தேதியிட்டு எழுதிக்கொண்டு, நீளமான கேபிள்கள் இரண்டு வாங்கித் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை விடுப்பெடுத்துக் கேபிள்களை மாட்டினார். ஹாரன் சுவிட்ச் பெட்டி மட்டும் பிடிவாதம் பிடித்தது. பெட்டிக்குள் தீக்குச்சித் தலையளவு முளை ஒன்று. அது உட்காரப் பழைய ஹேண்டிலில் துளை இருந்தது, புதியதில் இல்லை. துளை இல்லையேல் பெட்டி நிற்காமல் சுழலும்.

கணவர் தையல்காரர். "அளவெடுக்கிற வேலையா? நகரு. நான் எதுக்கு இருக்கேன்?" என்று முன்னால் வந்தார். பழைய ஹேண்டிலின் முனையிலிருந்து துளைவரை காகிதத்தை வைத்து, சாக்பீஸால் குறித்து, கத்தரியால் ஒரே வெட்டு. அந்தக் காகிதத்தைப் புதிய ஹேண்டிலில் ஒட்டி, அக்கா துளையிட்டார். பெட்டி அசையாமல் நின்றது. ஆனால் கைப்பிடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி! கட்டைவிரலை எவ்வளவு நீட்டியும் ஹாரன் எட்டவில்லை.

அக்கா கையேட்டை மறுபடி புரட்டினார். குற்றம் கடைக்காரருடையதே என்று தீர்மானித்து, கண்டனக் கடிதத்தில் இரண்டு பத்தி எழுதியும் விட்டார். அப்போது மாடியிலிருந்து இறங்கி வந்த நாத்தனார், காகிதத்தை உரித்துப் பழைய ஹேண்டிலின் மேல் வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, தையலுக்கு விட்டியா?"

தையல்காரர் ஊசியைத் தொலைத்தவர்போலத் தரையைப் பார்த்தார்.

"அரை அங்குலம் கூட இருக்கு. பின்னாடி ஹேண்டில் குண்டாயிட்டா பிரிச்சு விட்டுக்கலாம்னா?"

"முப்பது வருஷப் பழக்கம். கை தானா விடுது, நான் என்ன பண்ண?"

"பட்டன் வைக்க மறந்துட்டியே!"

"ஏய், மேல போடி!"

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துத் தோள் வலித்தது. கடிதத்தின்மேல் 'அனுப்பவில்லை' என்று எழுதிக் கோப்பில் சேர்த்தார். காகிதத்தில் 'பிழை: தையலுக்கு விட்டது, அரை அங்குலம்' என்று குறித்துக் கணவரிடம் நீட்டினார்.

"இதுக்குமா கையெழுத்து?"

"போடுங்க. தேதியும் சேர்த்து."

போட்டார். கைப்பிடிப் பக்கமாக அரை அங்குலம் தள்ளி இரண்டாவது துளை விழுந்தது. முதல் துளை பெட்டிக்கு அடியில் மறைந்துகொண்டது.

சனிக்கிழமை மேலாளர் அலுவலக முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "பத்து நிமிஷம் ஓட்டணும். ரெண்டு பக்கமும் முழுசா திருப்பணும். வலிச்சா மறைக்கக் கூடாதும்மா."

"சரிங்க சார். ஆரம்பிக்கிற நேரத்தைப் போட்டு இதுல ஒரு கையெழுத்து," என்று ஒரு படிவத்தை நீட்டினார் அக்கா. அதையும் அவரே கோடு போட்டுத் தயாரித்திருந்தார்.

வண்டி கிளம்பியது. வலப்புறம் திருப்பினார். இடப்புறம் முழுதாகத் திருப்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். என்ஜின் குரலை உயர்த்தவில்லை. பத்து நிமிடம் கடந்தது. தோள் கெஞ்சவில்லை. நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் இருபது நிமிடம் சுற்றி, கடைசியில் ஹாரனை அழுத்தினார். மாடிச் சன்னல்கள் மூன்று திறந்தன.

"போதும்மா, போதும்! காது போயிடும்!"

குறிப்பாணையை ரத்து செய்யும் ஆணையில் கையொப்பமிட்ட மேலாளர், வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஏறி உட்கார்ந்து பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"எனக்கும் ஆறு மாசமா கழுத்துப் பிடிப்பு. என் வண்டிக்கும் இப்படி ஒண்ணு மாட்டித் தருவீங்களா?"

"மனுவா எழுதிக் குடுங்க சார். ரெண்டு நகல்."

அன்றே தம் வழித்தடத்தில் இறங்கினார் அக்கா. ஏழாவது வீட்டில், குரைக்காமல் கவ்வும் அந்த நாய் உயர்ந்த ஹேண்டிலை அண்ணாந்து பார்த்துப் பின்வாங்கி, பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாகக் குரைத்தது. அக்கா வண்டியை நிறுத்தி, குறிப்பேட்டைத் திறந்து, தேதியிட்டுத் திருத்தினார்.